ஆஸ்துமா உள்ள பிள்ளையின் வீட்டில் எதை மாற்றுவது, எதை விட்டுவிடுவது?

தாம்பரத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு 9 வயது. ஆஸ்துமா, அதுவும் அலர்ஜியால் வருவது என்று டாக்டர் சொன்னார். பகலில் நன்றாக ஓடியாடுகிறான். பின்னிரவில் இருமலும் வீசிங்கும். மாமியார் சொன்னதால் தயிர், வாழைப்பழம், கொய்யா எல்லாவற்றையும் நிறுத்தினோம். வளர்த்த நாயை ஊருக்கு அனுப்பிவிட்டோம். பெரிய மாற்றம் இல்லை. இன்னும் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?"

முதலில் தயிரையும் வாழைப்பழத்தையும் பையனுக்குத் திருப்பிக் கொடுங்கள். அப்புறம் அவன் படுக்கும் இடத்தைப் பாருங்கள். ஆஸ்துமா பொதுவாகவே இரவில் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் பகலெல்லாம் நன்றாக இருக்கும் பிள்ளைக்குப் பின்னிரவில் மட்டும் மூச்சு இரைத்தால், நான் முதலில் சந்தேகப்படுவது மெத்தையையும் தலையணையையும்தான். அதற்கு அடுத்து சமையலறைக் கரப்பான், ஓதம் ஏறிய சுவர், கொசுவர்த்திப் புகை. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலான தொல்லை இந்த நான்கில் அடங்கிவிடும்.

ஒவ்வொன்றாகச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். மூச்சைக் கிளப்பிவிடும் பொருள்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உண்மையான ஒவ்வாமைப் பொருள். தூசி உண்ணி, கரப்பான், பூஞ்சை, மகரந்தம், நாய் பூனை எல்லாம் இந்த வகை. இவற்றின் புரதங்களை எதிரி என்று உடல் தவறாகப் பதிந்துகொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அடுத்த முறை அந்தப் புரதம் மூச்சில் போனதும் ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்கள் வெளியாகி, மூச்சுக்குழாய் வீங்கிச் சுருங்குகிறது. சில நிமிடங்களில் ஒரு இரைப்பு வரும். அது அடங்கிய பிறகும், அந்தப் பொருள் மூச்சில் போனதிலிருந்து 4 முதல் 8 மணி நேரத்தில் இரண்டாவதாக ஒன்று வரலாம். மாலையில் பரணில் ஏறி விளையாடியவனுக்கு நள்ளிரவில் இழுப்பது இப்படித்தான். இரண்டாவது வகை, எரிச்சலூட்டிகள். புகை, தாளிப்பு நெடி, சென்ட், பெயின்ட் வாடை இவையெல்லாம். இவற்றுக்கு ஐஜிஇ தேவையில்லை. ஏற்கெனவே வீங்கிப் புண்பட்டிருக்கும் குழாயை இவை நேரடியாகவே சுருங்க வைத்துவிடும். ஒவ்வாமைப் பரிசோதனையில் புகை தெரியாது. அதனால் புகை பரவாயில்லை என்று ஆகிவிடாது.

தூசி உண்ணிக்கு வருகிறேன். பொதுவாக "டஸ்ட் அலர்ஜி" என்று சொல்கிறோம். ரோட்டுப் புழுதியைத்தான் மனதில் வைத்துக்கொண்டு சொல்கிறோம். உண்மையில் வீட்டுத் தூசியில் ஒவ்வாமையை உண்டாக்கும் முக்கியப் பொருள் ஓர் உயிரினம். எட்டுக் காலுள்ள, சுமார் 0.3 மில்லிமீட்டர் நீளமுள்ள உண்ணி. கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிள்தான் அதன் சாப்பாடு. 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள்தான் வீட்டுத் தூசி அலர்ஜிக்குப் பின்னால் இந்த உண்ணி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இதற்குத் தண்ணீர் குடிக்கத் தெரியாது; காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நெடுநாள் இருந்தால் வறண்டு செத்துவிடும். சென்னையில் அந்த நிலை வருவது அபூர்வம். கடற்கரை ஊர்கள் எல்லாமே இதற்குச் சொர்க்கம்.

நமக்கு ஒவ்வாமை தருவது பெரும்பாலும் அதன் எச்சம். அந்த எச்சத் துகள் கொஞ்சம் கனமானது. யாராவது படுக்கையைத் தட்டினால், பிள்ளைகள் மெத்தையில் குதித்தால் மேலே எழும்பும். கொஞ்ச நேரத்தில் மறுபடி படிந்துவிடும். அதனால்தான் காற்றைச் சுத்தப்படுத்தும் ஏர் பியூரிஃபையர் தூசி உண்ணிக்குப் பெரிதாக உதவுவதில்லை. துகள் காற்றில் இல்லை, தலையணையில் இருக்கிறது; பையன் அதில் முகத்தைப் புதைத்துத் தூங்குகிறான். பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அந்தக் கருவியை வாங்கும் முன், அதே பணத்தில் படுக்கையைச் சரிசெய்துவிடலாம் என்பேன்.

எப்படிச் சரிசெய்வது? மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை கிடைக்கிறது. நெருக்கமாக நெய்த துணி, நான்கு பக்கமும் மூடி ஜிப் போடும் வகையாக இருக்க வேண்டும். மேலே மட்டும் விரிக்கும் வகையை வாங்கிப் பயனில்லை. அதன் மேல் சாதாரண விரிப்பு. விரிப்பு, தலையணை உறை, போர்வை மூன்றையும் வாரம் ஒருமுறை துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் போய்விடும், உண்ணி சாகாது. சில நாளில் மறுபடி பெருகிவிடும். 55 முதல் 60 டிகிரி வெந்நீரில்தான் அது சாகும். வாஷிங் மெஷினில் 60 டிகிரி அளவு இருந்தால் அதில் போடுங்கள். இல்லையென்றால் வாளியில் நல்ல சூடான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிட்டுத் துவையுங்கள். அந்த நேரத்தில் வாளி பிள்ளைகள் எட்டாத இடத்தில் இருக்கட்டும். அப்புறம் மொட்டை மாடி வெயில். நம் ஊர் உச்சி வெயில் உண்ணியைக் கொல்வதில் உண்மையாகவே கெட்டி. ஆனால் செத்த உண்ணியும் எச்சமும் மெத்தையிலேயே இருக்கும். எனவே காய்ந்த பிறகு மாடியிலேயே நன்றாகத் தட்டி உதறிவிட்டுக் கீழே கொண்டுவாருங்கள். தட்டுகிறவர் பையனாக இருக்கக் கூடாது.

பழைய இலவம்பஞ்சு மெத்தை வைத்திருந்தால் அதைப் பையனின் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். பஞ்சை மறுபடி அடித்துத் தைக்கக் கொடுப்பதாக இருந்தாலும் வீட்டு வாசலில் வைத்து அடிக்க விடாதீர்கள். கோரைப் பாயில் படுக்கிற பழக்கம் உள்ள பிள்ளையா? இந்த விஷயத்தில் அது நல்லதுதான். உண்ணி தங்கிப் பெருக அதில் இடம் குறைவு. பாயைத் தினமும் உதறலாம், ஈரத் துணியால் துடைத்துக் காயவைக்கலாம். பஞ்சடைத்த பொம்மைகளைக் கட்டிலில் வைக்காதீர்கள். மிகவும் பிடித்த ஒரு பொம்மை இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு நாள் முழுக்க வைத்தால் உண்ணி செத்துவிடும். பிறகு துவைத்துக் கொடுக்கலாம்.

துடைப்பத்தால் பெருக்கும்போது தூசி எழும்பத்தான் செய்யும். பையன் பள்ளிக்குப் போன பிறகு பெருக்கி, ஈரத் துணியால் துடைத்துவிட்டால் அவன் வருவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒட்டடை அடிப்பது, பரண் ஒழிப்பது, பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போன்ற பெரிய வேலைகளின்போது அவனைப் பாட்டி வீட்டுக்கு அனுப்புவது நல்லது. போகி அன்று வீட்டுக்குள் தூசி, தெருவில் டயர் புகை என்று இரண்டும் சேர்ந்துகொள்ளும். அன்று காலை ஜன்னலைச் சாத்தி வையுங்கள்.

இதையெல்லாம் செய்தால் பலன் உறுதியா என்று கேட்பீர்கள். நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், ஆய்வுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. 2008இல் 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, தூசி உண்ணியைக் குறைக்கும் முறைகளால் ஆஸ்துமாவில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று முடித்தது. ஆனால் 2017இல் இங்கிலாந்தில் 284 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில் வேறு விதமாக வந்தது. எல்லாருமே தூசி உண்ணி ஒவ்வாமை உறுதியானவர்கள், ஆஸ்துமா முற்றி மருத்துவமனைக்கு வந்துபோனவர்கள். உண்ணி புகாத உறை போட்ட குழந்தைகளில் ஓராண்டுக்குள் மறுபடி மருத்துவமனைக்கு ஓட வேண்டிவந்தவர்கள் சுமார் 29 சதவீதம்; சாதாரண உறை போட்டவர்களில் சுமார் 41 சதவீதம். அமெரிக்க நகரங்களில் 937 குழந்தைகளை வைத்து நடந்து 2004இல் வெளியான ஆய்வில், அந்தந்தக் குழந்தைக்கு எது ஆகாதோ அதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் குறைத்தார்கள்: உறை, கரப்பான் ஒழிப்பு, புகை எல்லாம். இரண்டு வாரத்துக்குச் சராசரியாக 0.8 நாள் அறிகுறி குறைந்தது. கேட்கச் சின்னதாகத் தோன்றும். வருடத்துக்குக் கணக்குப் போட்டால் மூன்று வாரம் அந்தக் குழந்தை நிம்மதியாக மூச்சுவிட்டிருக்கிறது. இவற்றிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: யாருக்கு எது ஆகாது என்று தெரிந்துகொண்டு, அதை நாலு பக்கமும் சேர்த்து மறித்தால் பலன் உண்டு. எல்லாருக்கும் எல்லாவற்றையும் தடை போட்டால் பலன் இல்லை, பிள்ளைக்குத்தான் வாழ்க்கை வெறுத்துப்போகும்.

கரப்பானை நம் வீடுகளில் அருவருப்பாகப் பார்க்கிறோமே தவிர ஆஸ்துமாவோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. 1997இல் அமெரிக்காவில் 476 நகர்ப்புறக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு இதை நன்றாக வெளிச்சம் போட்டது. கரப்பான் ஒவ்வாமையும் இருந்து, படுக்கையறைத் தூசியில் கரப்பான் துகளும் நிறைய இருந்த குழந்தைகள், மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேலாக ஆஸ்துமாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். எச்சம், எச்சில், உதிர்ந்த தோல் எல்லாமே ஒவ்வாமை தரும். செத்த கரப்பானும் தூளாகித் தூசியில் கலக்கும்.

இங்கே பலர் செய்வது, ஸ்ப்ரே வாங்கி ராத்திரி சமையலறை முழுக்க அடிப்பது. அந்த வாடையே பையனுக்கு இழுப்பைக் கொண்டுவந்துவிடும். கரப்பானுக்கு ஜெல் மருந்துதான் சரி. சிலிண்டருக்குப் பின்னால், சிங்குக்குக் கீழே, ஃப்ரிட்ஜ் மோட்டார் பக்கம், அலமாரிக் கீல் இடுக்கு என்று அது ஒளியும் இடங்களில் மட்டும் சின்னச் சின்னப் புள்ளியாக வைத்தால் போதும். புகையும் இல்லை, வாடையும் இல்லை. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் இந்த மாதிரி மருந்து வைத்ததிலேயே குழந்தைகளின் அறிகுறி குறைந்ததை 2017இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஜெல் வைத்த இடத்தில் ஸ்ப்ரேயும் அடித்தால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல் வீண். ராத்திரி சிங்கில் எச்சில் பாத்திரம் போட்டுவைக்காமல், குப்பைக் கூடையை மூடி, குழாய் ஒழுகலை அடைத்துவிடுங்கள். சாப்பாடு கிடைக்காமல்கூட அது பல நாள் தாங்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு தாங்காது. ஒழித்த பிறகு அலமாரியை ஈரத் துணியால் நன்றாகத் துடைக்க வேண்டும். பழைய துகள் போக மாதக்கணக்கில் ஆகும் என்பதால் உடனே பலன் தெரியவில்லையே என்று கைவிடாதீர்கள்.

பூஞ்சை பெரும்பாலும் மழைக்காலத்துக் கதை. ஐப்பசி, கார்த்திகையில் குளியலறையை ஒட்டிய சுவரிலும், மொட்டை மாடி ஒழுகும் மூலையிலும், சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவின் பின்னாலும் கறுப்பாகப் படரும். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் தண்ணீர் புகுந்த வீடுகளில் இதை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். அதன் மேல் பெயின்ட் அடித்து மறைப்பது வீண் செலவு. ஈரம் எங்கிருந்து வருகிறதோ அந்தக் கசிவை அடைத்தால்தான் நிற்கும். சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். தேய்க்கிறவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளட்டும். நனைந்த மெத்தை, பஞ்சுத் தலையணை, நைந்துபோன பழைய புத்தகங்கள் ஆகியவற்றைத் தூக்கிப்போடத் தயங்காதீர்கள். ஈரத் துணியைப் படுக்கையறைக்குள் கொடி கட்டிக் காயப்போடுவதையும் நிறுத்துங்கள். பிளீச்சிங் பவுடர் நெடி பையனுக்கு ஆகாது. இன்னொன்று: மருந்து எடுத்தும் கட்டுப்படாத ஆஸ்துமாவோடு பழுப்பு நிறக் கெட்டிச் சளி கட்டி கட்டியாக வந்தால், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சைக்கு நுரையீரலே ஒவ்வாமை காட்டும் ஒரு நோய் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். நம் நாட்டில் அது அரிதல்ல, காசநோய் என்று தவறாக எண்ணிவிடுவதும் உண்டு.

கொசுவர்த்தி விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். 2003இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுதாக எரிந்து விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். ஜன்னலைச் சாத்திவிட்டுக் குழந்தை தூங்கும் அறையில் அதை எரிக்கிறோம். டெங்கு பயம் நியாயமானது, அதனால் கொசுவை விட்டுவிடச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். வலையையும் துவைக்க வேண்டும், அதிலும் தூசி சேரும். செருகி வைக்கும் திரவ மருந்தில் புகை இல்லை; ஆனால் சிலருக்கு அந்த வாசனையே இருமலைக் கிளப்பும், பார்த்துக்கொள்ளுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம் இவற்றுக்கும் இதே கதைதான். தலைக்குக் குளித்த பிள்ளைக்குச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பூஜையறையில் நெய் விளக்கு மட்டும் ஏற்றினால் சாமி கோபித்துக்கொள்ளாது. வீட்டில் யாராவது சிகரெட், பீடி பிடிப்பவர் இருந்தால், பால்கனியில் போய்ப் பிடித்தாலும் சட்டையிலும் கையிலும் அது உள்ளே வரும். மேலே சொன்ன எல்லாவற்றையும்விட அதை நிறுத்துவது முக்கியம்.

நாயைப் பற்றி வருத்தத்தோடு எழுதியிருந்தீர்கள். பையனுக்கு நாய் ஒவ்வாமை இருப்பது பரிசோதனையில் தெரிந்ததா? தெரியாமல் அனுப்பியிருந்தால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றே நினைக்கிறேன். ஒவ்வாமை உறுதியானால் அனுப்புவதுதான் நல்ல வழி. ஆனால் அனுப்பிய மறுநாளே பலன் தெரியாது. குறிப்பாகப் பூனையின் புரதம் மிக மெல்லிய துகளில் ஒட்டிக்கொண்டு, பூனை போன பிறகும் பல மாதம் வீட்டில் தங்கியிருக்கும். முடி உதிராத ஜாதி நாய் அலர்ஜி தராது என்று சொல்லி விற்பார்கள். அதை நம்பாதீர்கள், ஒவ்வாமை தரும் புரதம் எச்சிலிலும் தோல் செதிளிலும்தான் இருக்கிறது.

மகரந்தம் நம் பக்கத்தில் சீமைக் கருவேலம், சவுக்கு, பார்த்தீனியம், புல் வகைகள் ஆகியவற்றிலிருந்து வருகிறது. வீட்டைச் சுற்றிப் பார்த்தீனியம் மண்டியிருந்தால் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்க வேண்டும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோலிலும் அரிப்பு வரும். மகரந்தத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு மெல்போர்ன் சாட்சி. 2016 நவம்பர் 21 அன்று அங்கே அடித்த இடிமழைக் காற்றில் புல் மகரந்தம் வெடித்துச் சிதறி ஆயிரக்கணக்கானோர் மூச்சுத் திணறி மருத்துவமனைக்கு ஓடினார்கள். 10 பேர் இறந்தார்கள். அதுவரை ஆஸ்துமாவே இல்லாமல் மூக்கொழுகல் மட்டும் இருந்தவர்களும் பாதிக்கப்பட்டார்கள். உங்கள் மகனுக்குக் காலையில் அடுக்குத் தும்மல், மூக்கரிப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மூக்குக்குத் தனியாக ஸ்ப்ரே கொடுத்தால் நெஞ்சும் சேர்ந்து சீராகலாம்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். தயிர், வாழை, ஆரஞ்சு, கொய்யா "சளி பிடிக்கும்" என்று நிறுத்துவதற்கு ஆதாரம் இல்லை. உணவு ஒவ்வாமையால் தனியாக ஆஸ்துமா மட்டும் வருவது அரிது. உதடு வீக்கம், தடிப்பு, வாந்தி கூடவே வரும், அதுவும் சாப்பிட்ட சிறிது நேரத்தில். முட்டை, வேர்க்கடலை, இறால் சாப்பிட்டு அப்படி ஏதாவது வந்திருந்தால் அதை மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். தூசி உண்ணிக்கும் இறாலுக்கும் ஒத்த புரதம் ஒன்று இருப்பதால் சிலருக்கு இரண்டும் சேர்ந்தே ஆகாது. வளரும் பிள்ளைக்குக் காரணமில்லாமல் பாலும் பழமும் நிறுத்தினால் எடை குறையும், வேறொன்றும் நடக்காது. மாமியாரிடம் இதை நீங்கள் சொல்வதைவிட டாக்டர் வாயால் சொல்ல வைப்பது சுலபம். அடுத்த முறை அவரையும் கூட்டிப் போங்கள்.

பரிசோதனை என்றால் தோலில் சொட்டு வைத்துக் குத்திப் பார்க்கும் ஸ்கின் பிரிக் டெஸ்ட், அல்லது ரத்தத்தில் குறிப்பிட்ட பொருளுக்கான ஐஜிஇ. தோல் பரிசோதனைக்கு முன் செட்ரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையைச் சுமார் ஒரு வாரம் நிறுத்த வேண்டும். இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. பரிசோதனையில் ஒன்று பாசிட்டிவ் என்று வந்தாலே அதுதான் காரணம் என்று ஆகாது. அந்தப் பொருள் அருகில் வரும்போது அவனுக்கு இழுக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி (இது ஐஜிஇ அல்ல, வேறொரு எதிர்ப்பொருள்) பார்க்கும் பேக்கேஜ் பரிசோதனையில் பணத்தை விடாதீர்கள், அது ஒவ்வாமையைக் காட்டுவதில்லை. அதைவிட ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: எந்த இரவு இழுத்தது, அன்று என்ன நடந்தது, பாட்டி வீட்டில் தங்கிய நாளில் எப்படி இருந்தான். ஊருக்குப் போனால் சரியாகி, வீடு திரும்பியதும் வந்தால் காரணம் வீட்டில்தான்.

எவ்வளவு சுத்தம் செய்தாலும் டாக்டர் தினமும் எடுக்கச் சொன்ன ஸ்டீராய்டு இன்ஹேலரை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளுக்கு ஆஸ்துமா முற்றுவதற்கு மிகப் பெரிய காரணம் சாதாரண ஜலதோஷ வைரஸ்தான், அதை எந்த மெத்தை உறையும் தடுக்காது. வீக்கத்தைக் குறைத்து வைத்திருப்பது அந்த இன்ஹேலர்தான். அளவு மிகச் சிறியது, மைக்ரோகிராம் கணக்கு, அதுவும் நேராக நுரையீரலுக்குப் போகிறது. பழகிவிடும் என்ற பயம் தேவையில்லை. ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழல்) வைத்துக் கொடுங்கள், முடிந்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கொரு ஃப்ளூ தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் கடையில் தானாக ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுக்காதீர்கள். ஆஸ்துமா உள்ள சிலருக்கு அவை கடுமையான இழுப்பைக் கொண்டுவரும்.

அவசரத்துக்கு என்ன செய்வது என்பதை டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள்: எந்த மருந்து, எத்தனை பஃப், எத்தனை நிமிட இடைவெளி. ஒரு பிரதி பள்ளியில் வகுப்பாசிரியரிடம். நிவாரண மருந்து (இழுக்கும்போது மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் இன்ஹேலர்) கொடுத்தும் அடங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, விலா எலும்புக்கு இடையே சதை உள்ளிழுக்கிறது, உதடு நீலம் பாய்கிறது, பிள்ளை சோர்ந்து மயங்குகிறான் என்றால் இவற்றில் எது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழைத்து, வண்டி வரும்வரை ஸ்பேசரில் அந்த நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.